காபித் தோட்டத்தில் கை நனைத்தார்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறேன். ஒருவர் செய்த காரியத்துக்கு அவர் நினைக்காத அர்த்தத்தை எப்படி ஏற்றுவது என்பது எனக்குத் தெரிந்த தொழில். எதிர்த்தரப்பு ஏற்றினால் அதை எப்படி இறக்குவது என்பதும் தெரியும். இவ்வளவு தெரிந்தும், பாலித் தீவில் ஒரு காபித் தோட்டத்தில், ஈரத் தரையில் வழுக்கி விழக் கூடாதே என்று தலையைக் குனிந்து நடந்த பாவத்துக்கு எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவர் என் சித்தப்பா. எங்கள் ஊரான ராஜபாளையத்தில் சொட்டுநீர்க் குழாயும் மோட்டாரும் விற்கிறார். கம்பெனிக்காரர்கள் டீலர்களை அவ்வப்போது வெளிநாட்டுக்குக் கூட்டிப் போவார்கள். அப்படி ஒரு தடவை பாலிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து, அந்தத் தீவுக்கே பட்டா வாங்கிவிட்டவர் மாதிரித்தான் பேசுவார். "ஒருக்க பாத்துரணும்ணே. எல்லாம் நம்ம ஊரு மாரிதான் இருக்கும், ஆனா சுத்தமா இருக்கும்" என்று அப்பாவை அரித்துக்கொண்டே இருந்தார். அப்பா பட்டாளத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். லடாக் வரைக்கும் பார்த்தாச்சு, இனி பார்க்க என்ன இருக்கிறது என்பார். அய்யனார் கோவில் போகிற வழியில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. அதை விட்டுவிட்டு மதுரையில் ஒரு ராத்திரி தங்குவதென்றாலே அவருக்கு முகம் கறுத்துவிடும். அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "சரி, போயிட்டு வருவோம்" என்றார். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

எனக்கு முப்பது தாண்டிவிட்டது. பல வருஷம் ஒரு சீனியரிடம் ஃபைல் தூக்கிவிட்டு, போன வருஷம்தான் கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில், ஜெராக்ஸ் கடைக்கு மாடியில், சின்னதாக ஓர் அறையைப் பிடித்துப் பெயர்ப்பலகை மாட்டினேன். ஜீவனாம்சம், பாகப்பிரிவினை என்று வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். படியேறி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார்கள். அந்த அறை என் கையை விட்டுப் போகக் கூடாது. அதற்கு இடைஞ்சல் இல்லாத கல்யாணம் என்றால் யோசிக்கலாம், இடைஞ்சல் என்றால் கல்யாணமே வேண்டாம். இதுதான் என் கட்சி. வீட்டில் இதைப் பல தடவை தாக்கல் செய்திருக்கிறேன். அம்மா ஒவ்வொரு தடவையும், "பொறவு பேசுவோம்" என்று வாய்தா கொடுத்துவிடுவாள்.

மதுரை ஏர்போர்ட்டில் எங்களுக்கு முன்னாலேயே ஒரு தம்பதி வந்து உட்கார்ந்திருந்தார்கள். "நம்ம சேத்தூர்ல வேண்டப்பட்ட குடும்பம். நம்ம கூடத்தான் வாராவ. அத்தைன்னு கூப்பிடு, முறை அப்படித்தான் வருது" என்றார் சித்தப்பா. சேத்தூர் அத்தை விறைப்பான மனுஷி. தோப்பு, வயல், கிணறு எல்லாவற்றையும் அவர்தான் நின்று பார்ப்பதாகச் சொன்னார்கள். அவர் கணவர், நான் மாமா என்று கூப்பிட வேண்டியவர், மனைவி பேசி முடித்த பிறகு "ஆமா" என்று சொல்வதற்காகவே உடன் வந்தவர் மாதிரி இருந்தார். அத்தை என்னை "வக்கீலம்மா" என்று கூப்பிட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

அம்மா ஒரு பை நிறைய முறுக்கும் தட்டையும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் கொண்டுவந்திருந்தாள். உட்கார்ந்ததும் டப்பாவைத் திறந்து அத்தை பக்கம் நீட்டினாள். "இருக்கட்டும் மதினி" என்று அத்தை கையெடுத்துக் கும்பிடாத குறையாக மறுத்தார். விமானத்திலும் மறுத்தார். பாலியில் ஹோட்டல் அறைக்கு அம்மா கொண்டுபோய்க் கொடுத்தபோதும் மறுத்தார். எங்கள் தண்ணீர் பாட்டிலைக்கூட வாங்கவில்லை. தங்கள் பையில் இருந்த எள்ளுருண்டையைப் புருஷனும் பெண்டாட்டியும் பிட்டுத் தின்றார்கள். அத்தைக்குச் சுகர் என்று நினைத்தேன். சுகர் இருப்பவர் எதற்கு எள்ளுருண்டை தின்கிறார் என்று ஒரு வக்கீல் யோசித்திருக்க வேண்டாமா. யோசிக்கவில்லை.

தீவில் இறங்கியதும் எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி இடுப்புப் பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டார் சித்தப்பா. "தொலைஞ்சா இங்கேயே கெடக்க வேண்டியதுதான்" என்றார். வெளியே வந்தால் வாசலில் ஒருவர் பூச்செண்டு இல்லாத குறையாக நின்றுகொண்டிருந்தார். சேத்தூர் அத்தையின் மகன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இன்ஜினியர். எதேச்சையாக லீவு கிடைத்ததாம். எதேச்சையாகப் பாலிக்கு வந்தாராம். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தன் பெட்டியின் சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?" என்றேன்.

"என்னன்னா? டூருட்டி" என்றாள்.

சரி, இது இப்படித்தான் என்று புரிந்துவிட்டது. புரிந்த பிறகு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. வேனில் எனக்கு ஜன்னலோர இடம் கொடுத்தார்கள். பக்கத்தில் அத்தை, அதற்குப் பக்கத்தில் அம்மா. இறங்க வேண்டுமென்றால் இரண்டு பேர் முழங்காலைத் தாண்ட வேண்டும். வெளியே எங்கே பார்த்தாலும் தென்னை, இளநீர் வேண்டுமா என்று நீட்டுகிற கைகள், கோயில் வாசல்களில் இலைத் தட்டில் பூ. வாயை மூடிக்கொண்டு ஊர் போய்ச் சேர்வோம், அங்கே போய்ப் பேசிக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். பேசாமல் இருப்பது சம்மதம் ஆகாது என்று கோர்ட்டில் நானே எத்தனையோ தடவை வாதாடியிருக்கிறேன்.

காபித் தோட்டத்துக்குப் போன அன்று காலையில் இருந்தே மழை. அம்மா பிடிவாதமாகப் புடவை கட்டச் சொன்னாள். "எல்லாரும் போட்டா எடுப்பாவ. பேண்ட்ட மாட்டிட்டு நிக்காத." ஹோட்டல் வாசலில் ஒரு பெண் எல்லாப் பெண்களுக்கும் ஒரு வெள்ளைப் பூவைக் காதோரம் செருகிவிட்டாள். நம் ஊரில் கோயில் மதில் பக்கம் உதிர்ந்து கிடக்குமே, அந்தப் பூதான். அம்மா அதை என் காதிலிருந்து எடுத்து என் பின்னலில் ஒழுங்காக வைத்துவிட்டாள். இப்போது நினைத்துப் பார்த்தால் புடவை, பூ, குனிந்த தலை என்று ஒவ்வொரு சாட்சியமும் எனக்கு எதிராகத்தான் சேர்ந்துகொண்டிருந்தது.

தோட்டம் ஒரு சரிவில் இருந்தது. பெரிய மரங்களின் நிழலில் காபிச் செடிகள், மரங்களில் மிளகுக் கொடி, நடுநடுவே பலா. அப்பா இரண்டு இலையைப் பறித்துக் கசக்கி முகர்ந்தார். "இது நம்ம அய்யனார் கோவிலுக்கு மேல ஏறினா இருக்கத்தான செய்யும். இதுக்கா இம்புட்டுத் தூரம் பறந்து வந்தோம்?" என்றார். மாமா "ஆமா" என்றார். அத்தை ஒரு காபிச் செடியின் அடியில் கிடந்த சருகை மிதியடியால் விலக்கிப் பார்த்து, மண் நல்ல மண்ணு என்று தீர்ப்புச் சொன்னார். ஊரை விட்டு இத்தனை தூரம் வந்து எங்கள் ஆட்கள் பார்த்தது இன்னொருத்தன் தோப்பை. அதில் மட்டும் எல்லாருக்கும் சந்தோஷம்.

பாதை திரும்புகிற இடத்தில் ஒரு கம்பி வலைக் கூண்டு இருந்தது. உள்ளே ஒரு மரநாய். எங்கள் தோப்பில் பழக் காலத்தில் இறங்கி நாசம் பண்ணும் அதே மரநாய்தான், நிறம் மட்டும் கொஞ்சம் வெளிறியிருந்தது. ஒரு மூலைக்குப் போகும், திரும்பும், மறு மூலைக்குப் போகும், திரும்பும். ஒரு கிண்ணத்தில் சிவப்பாகக் காபிப் பழம் வைத்திருந்தார்கள். அதை அது தொடவில்லை.

"நம்ம இதை வெரட்டத்தான் நாய் வளக்கோம். இவன் என்னன்னா வீடு கட்டிக் குடுத்துப் பழத்த ஊட்டுதான்" என்றார் சித்தப்பா. எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. "காட்டுல விட்டா ஒரு ராத்திரிக்கு எம்புட்டுத் தூரம் போவும் இது" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு நகர்ந்தார்.

எங்களுக்குச் சுற்றிக் காட்ட வந்த பெண் சின்னப் பெண், ஆங்கிலத்தை மென்று மென்று பேசினாள். எங்கள் கூட்டத்தில் அவளுக்குப் பதில் சொல்ல நானும் சிங்கப்பூர்க்காரரும்தான். அவர் பின்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்ததால் மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. மரநாய் காபிப் பழத்தைத் தின்னும், கொட்டை செரிக்காமல் அதன் வயிற்றிலிருந்து சாணத்தோடு வெளியே வரும், அதைப் பொறுக்கிக் கழுவி வறுத்து இடித்தால் உலகத்திலேயே விலை கூடின காபி. அத்தை வெள்ளிக்கிழமை முட்டை பொரித்த கரண்டியைக்கூடத் தொடாதவர் என்று அம்மா சொல்லியிருந்தாள். அதனால் நான், "இது பழத்தைத் தின்னும், கொட்டையைக் கழுவி வறுப்பாங்களாம்" என்று நடுவில் ஒரு கட்டத்தை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். சித்தப்பாவுக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

கடைசியில் மூங்கில் கூரை போட்ட ஒரு கூடம். நீள மேசை, இரண்டு பக்கமும் பெஞ்சு. எங்கள் ஆட்கள் போய் உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் அப்பாவும் அம்மாவும் சித்தப்பாவும், எதிர்ப்பக்கம் அத்தையும் மாமாவும் மகனும். யாரும் இப்படி உட்காருங்கள் என்று சொல்லவில்லை, தானாகவே அப்படி அமைந்தது. "அந்த ஸ்பெஷல் காபியே எல்லாருக்கும் போடச் சொல்லு, சித்தப்பா கணக்கு" என்று சித்தப்பா குரல் கொடுத்தார். நான் அந்தப் பெண்ணிடம் சொல்லப் போய், அவள் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு காபி போடுகிற மேடை பக்கத்திலேயே நின்றேன். மேசையில் உட்கார்ந்திருந்தவர்களை ஒரு பார்வை பார்த்து, அத்தனை கண்ணாடித் தம்ளர்களில் மட்டும் ஊற்றி மரத் தட்டில் அடுக்கினாள். பக்கத்தில் நின்ற என்னை எண்ணவில்லை. அதற்குள் வாசலில் இன்னொரு பஸ் வந்து நிற்கவும், யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் தட்டையும் என்னையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். பாவமாக இருந்தது. "நீ போ, நான் பார்த்துக்கறேன்" என்று சைகை காட்டித் தட்டை எடுத்துக்கொண்டேன்.

தரை சாணம் மெழுகியது மாதிரி வழவழவென்று நனைந்து கிடந்தது. மூங்கில் விட்டம் வேறு தாழ்வாக இருந்தது. புடவை கால்களில் சிக்கியது. தலையைக் குனிந்து, கால் கட்டை விரலைப் பார்த்து, அடிமேல் அடி வைத்து நடந்தேன். மேசை பக்கம் வந்தபோது பேச்சு நின்றிருந்தது. நான் கவனிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் அத்தை. பெரியவர்களுக்கு முதலில் கொடுப்பது வழக்கம்தானே, அவர் முன்னால் தட்டை நீட்டினேன்.

அத்தை உடனே எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். திரும்பி மாமாவைப் பார்த்தார். மாமா தலையை ஆட்டினார். அத்தை ஒரு தம்ளரை எடுத்து, இடது கையை அடியில் கொடுத்துப் பிடித்து, ஒரு வாய் குடித்தார். அதன் பிறகு மாமா எடுத்தார். மகன் எடுத்தார். எங்கள் பக்கத்து மூன்று பேரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். சித்தப்பா தொடையில் தட்டி, "அப்பாடி, கை நனைச்சாச்சு" என்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்கள், மனசுக்கு ஒத்துவருகிற வரைக்கும் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். "பொறவு கை நனைக்கோம்" என்று எழுந்துவிடுவார்கள். கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு மாறினால் அது சாதாரண மாறாட்டம் கிடையாது, வாக்குத் தவறினவர்கள் என்று ஊர் பேசும். முறுக்கு, தட்டை, பால்கோவா, தண்ணீர் பாட்டில், எள்ளுருண்டை எல்லாம் அந்த ஒரு நொடியில் எனக்கு விளங்கின. தட்டு என் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"கடைசி நாள் ஹோட்டல்ல வச்சுப் பேசுவோம்னு இருந்தோம். புள்ளையே தானா எடுத்துட்டு வந்துட்டா பாத்தியளா மதினி" என்றார் அத்தை அம்மாவிடம். குரலே மாறியிருந்தது.

"இல்ல அத்தை, அந்தப் பொண்ணு போயிட்டா, தரை வழுக்குதுன்னு..."

"ஏட்டி, போதும், வெக்கப்படாத" என்றாள் அம்மா.

"வெக்கம் இல்லம்மா."

"சரிட்டி, வா, இங்கன உக்காரு" என்றார் அத்தை. காபி உள்ளே போனதும் வக்கீலம்மா ஏட்டி ஆகிவிட்டாள். உட்கார்ந்தேன். எனக்கென்று தம்ளர் இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. சித்தப்பா எழுந்து நின்று எல்லாரையும் சேர்த்து போட்டோ எடுத்தார். நாங்கள் வேனில் ஏறுவதற்குள் அந்த போட்டோ குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஏறிவிட்டது. சேத்தூரிலிருந்தும் ராஜபாளையத்திலிருந்தும் பூங்கொத்தும் கும்பிடுமாக வந்து குவிந்தன. சுற்றிலும் கடல் இருந்து என்ன, ஊர் வேனுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துவிட்டது.

வேனில் அத்தை என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கரடு தட்டின கை, ஆனால் பிடி மெதுவாகத்தான் இருந்தது. "இனி கோர்ட்டு கேஸுன்னு வெயில்ல அலைய வேண்டாம்ட்டி. அவன் சிங்கப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிருவான். ராணி மாரி இருக்கலாம்" என்றார். கெட்ட எண்ணமே இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. மாடிப்படியும் ஃபேனும் பெயர்ப்பலகையும் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. கையை உருவிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன், ஆனால் உருவவில்லை.

சித்தப்பாவிடம் தனியாகப் போய், "என் பாஸ்போர்ட்டைக் குடுங்க, நான் நாளைக்கே கிளம்புறேன்" என்றேன். அவர் இடுப்புப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். "எங்கிட்டுப் போவ? ரெண்டு நாள்தான, எல்லாரும் சேந்தே போவோம்" என்றார். அம்மாவிடம் சொன்னேன். "ஊருக்குப் போய்ப் பேசிக்கிடுவோம். இங்க வச்சு மூஞ்சியக் காட்டாத. பொறத்தியான் ஊருல மானத்த வாங்காத" என்றாள். அப்பா டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அவரிடம் நான் சொல்லவில்லை. அவர் கேட்கட்டும் என்று இருந்தேன். அவர் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் ஹோட்டலுக்குப் பின்னால் கடற்கரையில் சிங்கப்பூர்க்காரர் நடந்துகொண்டிருந்தார். நேராகப் போய், எனக்கு இதில் விருப்பமில்லை, நீங்களே உங்கள் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். நல்ல மனுஷர். முகம் வாடியது. "நீங்க தட்டைக் கொண்டுவரும்போது, உங்களுக்குச் சம்மதம்னுதான் நானும் நினைச்சேன்" என்றார். பிறகு, "அம்மா குடிச்சுட்டாங்களே. இனிமே நான் போய் என்னத்தச் சொல்ல?" என்றார். கப்பலையே கழற்றி மாட்டுகிறவர், ஒரு வாய் காபிக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

என்னிடம் ஒரே ஓர் ஆயுதம்தான் மிச்சம் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அத்தை ஹோட்டல் வராந்தாவில் தனியாக உட்கார்ந்து கால் நீட்டி இருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அத்தை, நேத்து நான் ஒண்ணைச் சொல்லாம விட்டுட்டேன்" என்று ஆரம்பித்து, விட்டுப்போன அந்த நடுக் கட்டத்தை விவரமாக, ஒரு குறுக்கு விசாரணை மாதிரி, படிப்படியாகச் சொன்னேன். பழம் உள்ளே போவது, கொட்டை வெளியே வருவது, எதோடு வருவது, அதை யார் பொறுக்குவது எல்லாம் சொன்னேன். அத்தையின் முகம் சுருங்கியது. வாயை ஒரு தடவை துடைத்துக்கொண்டார். இதோ, அபசகுனம் என்று எழுந்து மாமாவைக் கூப்பிடப் போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"வாசல்ல சாணி தெளிக்கலையா நாம?" என்றார் அத்தை. "அதுல கோலம் போடலையா? குடிச்சது குடிச்சதுதான்ட்டி." பிறகு என் தலையைத் தடவி, "எங்கிட்ட மறைக்காமச் சொன்னே பாரு, அதுதான் எனக்குப் புடிச்சிருக்கு" என்றார்.

கேஸ் தோற்றது மட்டுமில்லை, எதிர்த்தரப்பு எனக்கே நற்சான்று வேறு கொடுத்துவிட்டது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஊர் வந்து சேர்ந்ததும் பேசலாம் என்று அம்மா சொன்னது, ஊர் வந்ததும் காணாமல் போய்விட்டது. பேச வாயெடுத்தால் மிக்ஸியைப் போட்டுவிடுவாள். பஸ்ஸில் தெரிந்தவர்கள் எல்லாம், "சிங்கப்பூராமே" என்று கேட்டார்கள். கோர்ட் வாசலில் டீக்கடைக்காரர்கூட, ரூமை யாருக்கு விடப் போறீங்கம்மா என்று விசாரித்தார். ராத்திரி படுத்தால் அந்தக் கூண்டில் இருந்த மரநாய் மூலைக்கு மூலை நடந்த சத்தம் காதில் கேட்டது. அது நடந்தபோது சத்தமே வரவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கேட்டது.

நாள் குறிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை சேத்தூரிலிருந்து அத்தையும் மாமாவும் வந்தார்கள். சித்தப்பா பஞ்சாங்கத்தோடு வந்து உட்கார்ந்தார். அம்மா அடுக்களையில் டிகாஷன் இறக்கி, நுரை பொங்க ஆற்றி, எவர்சில்வர் தம்ளர்களில் ஊற்றித் தட்டில் அடுக்கினாள். என் கையில் கொடுத்தாள். "இந்த தடவை நிமுந்தே நட, தரை வழுக்கல" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள், சந்தோஷத்தில் சொன்னாள். அப்படியானால் அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. நான் சொன்னதையெல்லாம் அவள் கேட்டுத்தான் இருந்திருக்கிறாள்.

தட்டை அடுப்பு மேடையில் திரும்ப வைத்தேன். வெறுங்கையோடு போய், அத்தைக்கு எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அத்தை, அங்க நான் தட்டை எடுத்தது அந்தப் பொண்ணுக்கு ஒத்தாசையா. தலையைக் குனிஞ்சது தரை ஈரமா இருந்ததால. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். என் வேலையை விட்டுட்டு நான் எங்கேயும் வரமாட்டேன்" என்றேன். குரல் நடுங்கியது. கோர்ட்டில் ஒரு நாளும் அப்படி நடுங்கினதில்லை.

சித்தப்பா எழுந்தார். "ஏட்டி, கை நனைச்ச பொறவு இது என்ன பேச்சு?"

அத்தை கையை உயர்த்தி அவரை உட்காரச் சொன்னார். என்னையே பார்த்தார். "குடிச்சாச்சேட்டி" என்றார். அதட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று புரியாதவர் மாதிரிச் சொன்னார்.

"குடிச்சது நீங்க, அத்தை. நீங்க, மாமா, அவிய, எங்கப்பா, அம்மா, சித்தப்பா எல்லாரும் குடிச்சீங்க. எனக்கு அங்க தம்ளரே இல்ல. நான் குடிக்கல."

வெளியே ரோட்டில் மினி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அத்தை அந்தத் தோட்டத்தின் மேசையை மனதுக்குள் ஒருமுறை சுற்றிப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொருவர் கையாகப் பார்த்துக்கொண்டு வந்து என் கைக்கு வந்தபோது அவர் முகம் மாறியது தெரிந்தது.

அப்பா தொண்டையைச் செருமினார். மாமாவைப் பார்த்துக் கை கூப்பினார். "மன்னிச்சுக்கிடணும். நானும் அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல" என்றார்.

அத்தை எழுந்து முந்தானையைச் சரி செய்துகொண்டார். வாசல் வரைக்கும் போய், திரும்பி, "வாரோம் வக்கீலம்மா" என்றார். அதில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுப்பு மேடையில் காபி ஏடு கட்டிக் கிடந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிடவில்லை. சித்தப்பா எங்கள் வீட்டுப் படி ஏறுவதில்லை. சேத்தூரிலிருந்து எனக்கு வந்துகொண்டிருந்த கேஸ்கள் நின்றுவிட்டன. வாக்குத் தவறின வீடு என்று பேசிக்கொள்கிறார்களாம், எங்கள் தெருவிலேயே சொன்னார்கள். அப்பா முன்னைவிட அதிகமாகத் தோப்பிலேயே இருக்கிறார். போன வாரம் மரநாய் இறங்கி முற்றின காய்களை எல்லாம் கடித்துப் போட்டுவிட்டது. நாயை அவிழ்த்துவிடவில்லையா என்று கேட்டேன். "விட்டுட்டேன், போகட்டும்" என்றார். நாயை விட்டாரா, மரநாயை விட்டாரா என்று கேட்கவில்லை.

அம்மா என்னோடு பேசுகிறாள், தேவைக்கு மட்டும். எனக்குக் காபி போடுவதை நிறுத்திவிட்டாள். காலையில் அவளுக்கும் அப்பாவுக்கும் மட்டும் கலந்துவிட்டு நகர்ந்துவிடுவாள். அதற்குப் பிறகு நான் அடுக்களைக்குப் போய் எனக்கென்று ஒரு தம்ளர் எடுத்து, நானே டிகாஷன் ஊற்றிக் கலக்கிக்கொள்கிறேன். இத்தனை வயதாகியும் எனக்கு அளவு பிடிபடவில்லை, கசந்துவிடுகிறது. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறுகிறேன்.